சேலைன் சக்கரத்தைத் திருகாதீங்க

சேலைன் ஏறும் குழாயில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். "மிஸ்ஸி, இது இறங்குதே இல்ல, கொஞ்சம் கூட்டி விடுங்க" என்று கேட்பவர்களோடு தாதியான எனக்குப் பிரச்சினை இல்லை. போத்தல் முடிந்தால் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்து, கேட்காமலே திருகிவிட்டுப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரண சேலைன் குழாய் செட்டில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். 500 மில்லிலீற்றரை 8 மணித்தியாலத்தில் ஏற்றச் சொன்னால் நிமிடத்துக்கு 21 துளி வரும். மட்டக்களப்பில் மழைக்காலம் வந்தால் டெங்கும் வரும். அதில் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிற அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் சேலைன் கூடினால் நெஞ்சில் நீர் கட்டி மூச்சு முட்டும், குறைந்தால் பிரஷர் விழும். போதாததற்கு, யாரும் தொடாவிட்டாலும் வேகம் மாறும்: கை மடிந்தால், போத்தலின் உயரம் மாறினால், சக்கரம் அமத்திய பிளாஸ்டிக் குழாய் மெல்ல வடிவம் மாறினால். அதனால்தான் நாங்கள் திரும்பத் திரும்ப வந்து துளி எண்ணுகிறோம்.

இதைவிட நல்ல வால்வு இல்லையா என்று தேடியபோதுதான் மின்வேதியியலில் இயங்கும் நுண்வால்வுகளைப் பற்றிப் படித்தேன். தலைமயிர் தடிப்பில் ஒரு குழாய், அதன் மேல் சிலிக்கோன் சவ்வு, சவ்வுக்கு மேலே உப்புக்கரைசல் நிரம்பிய சின்ன அறை, அதற்குள் இரண்டு மின்வாய்கள். கரண்ட் கொடுத்ததும் நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஒட்சிசனும் குமிழியாக வரும், அந்த வாயு நீரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் பிடிப்பதால் சவ்வு கீழே புடைத்துக் குழாயை அடைத்துவிடும். கணக்குப்படி 1.23 வோல்ட் போதும், நடைமுறையில் கொஞ்சம் கூட வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பற்றரியே காணும், வெளியிலிருந்து காற்றழுத்தக் குழாய் இழுக்கத் தேவையில்லை.

ஆனால் திறப்பது மெதுவாகத்தான், வாயுக்கள் மறுபடி நீராகச் சேர வேண்டும், பிளாட்டினம் மின்வாய் அதற்கு உதவும். அப்புறம், சிலிக்கோன் வாயுவைக் கசிய விடும், மூடிய வால்வு தானாகவே நெகிழும். இடைக்கிடை கரண்ட் கொடுத்து இறுக்க வேண்டும். நம் சக்கரத்தின் கதையேதான்! 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சான்டினி, சிமா, லாங்கர் ஆகியோர் செய்த மருந்துச் சிப் (chip) வேறு விதம். மருந்துக் குழிகளைத் தங்கப் படலம் மூடியிருக்கும், குளோரைட் உள்ள திரவத்தில் ஏறத்தாழ 1 வோல்ட் கொடுத்தால் தங்கம் கரைந்து மருந்து வெளிவரும். திறந்தால் திறந்ததுதான், மூட வழியில்லை.

இவை எல்லாம் மைக்ரோலீற்றர் கணக்கு வேலைக்குத்தான். வார்டில் சேலைனுக்கு இன்னும் அந்தச் சக்கரமும் எங்கள் கண்ணும்தான்.

ஊசி குத்திய இடம் வீங்கினால், குழாயில் இரத்தம் ஏறினால், நடுக்கமோ மூச்சு வாங்கலோ வந்தால் உடனே கூப்பிடுங்கள். பாத்றூம் போகும்போது போத்தலைக் கையைவிட உயரத்தில் பிடியுங்கள், வந்ததும் துளியை எண்ணச் சொல்லிக் கேளுங்கள், நாங்கள் சலிக்கமாட்டோம்.