பேசும் முகத்துக்குப் பின்னால்

இருவர் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே கழியும் நேரம் பெரும்பாலும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். வெவ்வேறு கண்டங்களில் பேசப்படும் 10 மொழிகளை ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, மொழிக்கு மொழி சிறு வேறுபாடுகள் இருந்தாலும் எல்லா மொழியினரும் இந்த அளவையொட்டியே பதில் சொல்லத் தொடங்குகிறார்கள் என்று காட்டியது. திரையில் தோன்றி நம்முடன் உரையாடும் செயற்கை நுண்ணறிவு அவதாரை உருவாக்குபவர்களுக்கு முதல் தலைவலி இந்த 200 மில்லி விநாடிதான். ஏனெனில், அந்த உருவம் வாய் திறப்பதற்குள் நான்கு மென்பொருள்கள் வேலை பார்த்தாக வேண்டும்.

முதலாவது, நம் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குகிறது. இரண்டாவதான மொழி மாதிரி, அந்த எழுத்தைப் படித்துப் பதிலைச் சொல் சொல்லாக உருவாக்குகிறது. மூன்றாவது, பதிலைக் குரலாக மாற்றுகிறது. நான்காவது, குரலுக்கு ஏற்ப முகத்தை அசைக்கிறது. ஒன்று முழுமையாக முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்று வைத்தால் பல விநாடிகள் மௌனமாகக் கழிந்துவிடும் என்பதால், பதிலின் முதல் தொடர் கிடைத்தவுடனேயே குரல் எழும்புகிறது. எஞ்சிய பகுதி அதன் பின்னால் தயாராகிக்கொண்டிருக்கும். இடையில் எழுத்தே இல்லாமல் ஒலியிலிருந்து நேரே ஒலிக்குச் செல்லும் மாதிரிகளும் இப்போது வந்திருக்கின்றன.

இவற்றைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: நாம் பேசி முடித்துவிட்டோம் என்பது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? எளிய அமைப்புகள் குறிப்பிட்ட அளவு மௌனம் நீடித்தால் பேச்சு முடிந்துவிட்டதாகக் கொள்கின்றன. கடையில் விலை விசாரிப்பவருக்கு இது பொருந்தலாம். ஒரு கணக்குக்கு விடை தேடிக்கொண்டிருக்கும் மாணவருக்குப் பொருந்தாது. “அப்படியானால் பரப்பளவு...” என்று தொடங்கி அவர் யோசிக்கும் அந்த நொடிகளில்தான் கற்றலே நிகழ்கிறது. அந்த நேரம் பார்த்து அவதார் இடைமறித்து விடையைச் சொல்லிவிட்டால், வேகத்தில் வென்று கற்பித்தலில் தோற்றதாகவே பொருள். நல்ல அமைப்புகள் மௌனத்தின் நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை. வாக்கியம் நிறைவு பெற்றதா, குரல் இறங்கியதா என்பவற்றையும் சேர்த்தே எடைபோடுகின்றன.

முகத்துக்கு வருவோம். ஒவ்வோர் ஒலிக்கும் தனியாக ஓர் உதட்டசைவு தேவையில்லை. ‘ப’, ‘ம’ இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடுகின்றன. ‘ல’, ‘ள’, ‘ழ’ ஆகியவற்றின் வேறுபாடு நாவின் மடிப்பில் இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே, பல ஒலிகளைச் சில வாயசைவு வடிவங்களுக்குள் அடக்கிவிட முடிகிறது. ஆனால், அந்தச் சில வடிவங்கள் பிசகினால் மூளை மன்னிப்பதில்லை. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு ஆகிய இருவர் 1976இல் வெளியிட்ட சோதனையில், ‘பா’ என்னும் ஒலியை ‘கா’ என்று அசையும் வாயோடு இணைத்துக் காட்டியபோது, கேட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டிலும் இல்லாத ‘டா’வைக் கேட்டார்கள். (மூன்றையும் ‘அம்பு’, ‘தங்கம்’, ‘வண்டி’ ஆகிய சொற்களில் வருவதுபோல மெலித்து ஒலிக்க வேண்டும்.) உதடு தவறினால் சொல்லே மாறிக் கேட்கக்கூடும் என்பதால், புதிய சொல்லைக் கற்றுக்கொடுக்கும் அவதாருக்கு இது சிறிய விஷயமன்று.

இவ்வளவு நுட்பமாகச் செதுக்கப்பட்ட முகம் பாடத்தைப் புரியவைக்க எவ்வளவு உதவுகிறது? என் கணிப்பில், மிகக் குறைவாகவே உதவுகிறது. கற்பிக்கும் கணினி நிரல்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து கர்ட் வான்லென் 2011இல் கணக்கிட்டபோது, மாணவரின் ஒவ்வொரு படியையும் கவனித்துத் திருத்தும் நிரல்களின் பயன் 0.76 திட்ட விலக்கமாகவும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அலகு இது), நேரில் தனியாகக் கற்பிக்கும் மனித ஆசிரியரின் பயன் 0.79 ஆகவும் இருந்தன. இரண்டையும் இவ்வளவு அருகில் கொண்டுவந்தது படிப்படியாகக் கவனிக்கும் அந்த முறைதான். மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஆட்டோடியூட்டர் என்னும் நிரலுக்குப் பேசும் தலை ஒன்று இருந்தது. என்றாலும் அதன் உண்மையான திறமை, மாணவரின் பதிலை எதிர்பார்க்கும் கருத்துகளோடு ஒப்பிட்டு, முதலில் தூண்டி, பிறகு குறிப்புக் கொடுத்து, கடைசியில் மட்டுமே விடையைச் சொல்வதில் இருந்தது.

இன்றைய மொழி மாதிரிக்கு இந்தப் பொறுமை இயல்பாக வருவதில்லை. கேட்டதும் கொட்டிவிடுவதே அதன் சுபாவம். துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட கணிதச் சோதனையில், கட்டுப்பாடற்ற உரையாடல் நிரலைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். நிரலை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோதோ, அதைத் தொட்டே பார்க்காத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த நிரலைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த இழப்பு பெரும்பாலும் நேரவில்லை. தேர்வில் பெரிய லாபமும் இல்லை. அதே நிரலுக்கு ஓர் அழகிய முகத்தை ஒட்டியிருந்தால் இந்த முடிவு மாறியிருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே முகமே கருவி. மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராய்பவருக்கு, ஒரே கேள்வியை ஒரே குரலில், ஒரே புன்னகையோடு நூறு பேரிடம் கேட்கக்கூடிய ஆள் கிடைப்பதில்லை. மாலையானால் களைப்பு வரும், ஒருவரைப் பிடிக்கும், இன்னொருவரைப் பிடிக்காது. அவதாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் வயதை, நிறத்தை, பார்வையை ஒவ்வொன்றாக மாற்றி, எது நம்மைப் பாதிக்கிறது என்று பிரித்தறியவும் முடியும். 2006இல் மெல் ஸ்லேட்டரின் குழு, தவறான பதில் சொல்லும் மெய்நிகர் பெண்ணுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி 34 பேரைக் கேட்டது. அவள் உண்மையல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும், அவளை எழுத்தின் வழியாக மட்டும் அறிந்தவர்களைவிட, கண்ணால் கண்டு காதால் கேட்டவர்களின் உடலில் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன.

2014இல் வெளியான இன்னோர் ஆய்வில், மனநிலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஒரே அவதாரைச் சிலரிடம் முழுக்கத் தானியங்கி என்றும், வேறு சிலரிடம் பின்னாலிருந்து ஒரு மனிதர் இயக்குகிறார் என்றும் சொன்னார்கள். தானியங்கி என்று நம்பியவர்களே அதிகம் மனம் திறந்தார்கள். கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும், அந்த முகத்துக்குப் பின்னால் எடைபோடும் ஆள் இருக்கக் கூடாது என்று மனம் விரும்புகிறது போலும். இப்படி மனம் திறந்து சொல்லப்படுபவை குரலோடும் முகத்தோடும் பதிவாகின்றன என்பதால், முன்கூட்டியே ஒப்புதல் பெறுவது இங்கே வெறும் சடங்காக முடியாது.

மேற்சொன்ன இரண்டு சோதனைகளும் இன்றைய மொழி மாதிரிகள் வருவதற்கு முன்பு நடந்தவை. எழுதிவைத்ததை மீறி அந்த உருவங்கள் பேசமாட்டா. இன்றைய அவதாரோ ஒரே கேள்விக்கு இரண்டு முறை இரண்டு விதமாகப் பதில் சொல்லும். அதன் பின்னாலிருக்கும் மாதிரியை நிறுவனம் புதுப்பித்துவிட்டால், திங்கட்கிழமை வந்தவர்களிடம் பேசியதும் வெள்ளிக்கிழமை வந்தவர்களிடம் பேசியதும் ஒரே முகத்தை அணிந்த இரண்டு வேறு பேச்சாளர்கள் என்றாகிவிடும். ஆகையால், எந்தப் பதிப்பு, என்ன கட்டளை, என்னென்ன பேசியது என்று ஒவ்வோர் உரையாடலையும் முழுமையாகப் பதிந்துவைக்க வேண்டிய வேலை இப்போது ஆய்வாளரின் தலையில் புதிதாக ஏறியிருக்கிறது.