டெல்லி மொட்டைமாடியில் அகத்தியரைத் தேடுவது

அகத்திய நட்சத்திரம் என்று நாம் சொல்லும் கேனோபஸ், இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பளிச்சிடுவது. சென்னையில் பிப்ரவரி இரவில் தெற்கே நிமிர்ந்தாலே கண்ணில் படும். டெல்லிக்கு மாற்றலாகி வந்து, மயூர் விஹார் மாடியிலிருந்து அதே மாதம் தேடினால் ஆளைக் காணோம். எங்கும் போய்விடவில்லை, தொடுவானத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவர் எட்டும் உச்ச உயரம் தெரிய, 90இலிருந்து ஊரின் அட்சரேகையையும், வானின் நடுக்கோட்டுக்குத் தெற்கே அவர் இருக்கும் தூரமான 52.7 டிகிரியையும் கழியுங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் அட்சரேகை 13, ஆக ஏறத்தாழ 24 டிகிரி. டெல்லிக்கு 28.6, ஆக 8.7தான். கையை நீட்டி மடக்கிய முஷ்டி சுமார் 10 டிகிரி என்பதால், டெல்லியில் அவர் ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. தரையில் நின்றால் 60 மீட்டர் தள்ளி இருக்கும் மூன்று மாடிக் கட்டடமே மறைத்துவிடும். தெற்கே 111 கிலோமீட்டர் இறங்கினால் ஒரு டிகிரி ஏறுவார். விந்தியத்தைத் தாண்டித் தெற்கே போன முனிவர் என்று கதை கட்டியவர்கள் வடக்கேயிருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

உச்சத்துக்கு வரும் நேரம் டெல்லியில் ஜனவரி 15 வாக்கில் இரவு 11.10, பிப்ரவரி 15 வாக்கில் 9.10, மார்ச் 1 வாக்கில் 8.15. நாளுக்கு 4 நிமிடம் முந்தும். போன் திசைகாட்டியை நம்ப வேண்டாம், தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டம் அதை இழுத்துவிடும். வேட்டைக்காரன் (ஓரியன்) என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக உள்ள மூன்று நட்சத்திரங்களைக் கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸ் வரும். அங்கிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். சிவப்பும் பச்சையுமாக மின்னும் புள்ளி தெரிந்தால் உடனே குதிக்காதீர்கள், விமானமாகவும் இருக்கலாம். பக்கத்து ஆன்டெனா கம்பியை ஒட்டிப் பத்து விநாடி பாருங்கள். நகர்ந்தால் அவர் இல்லை.

கேனோபஸின் சொந்த நிறம் வெண்மை. சிவப்பும் பச்சையும் காட்டுவது நம் காற்று. அந்தத் தாழ்வில் ஒளி, தலைக்கு நேர் மேலே இருப்பதைப் போல ஆறு மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருகிறது. வழியில் வளைவதால் நட்சத்திரம் இருக்கும் இடத்தைவிட நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் தெரிகிறது. நீலம் சற்று அதிகமாக வளையும், சிவப்பு குறைவாக. ஆக ஒவ்வொரு நிறமும் காற்றில் கொஞ்சம் வேறு பாதையில் வந்து, சூடும் குளிருமான வெவ்வேறு காற்றுக் குமிழ்களில் சிக்குகிறது. ஒரு கணம் சிவப்பு தூக்கலாக, மறுகணம் பச்சை தூக்கலாக வந்து சேர்கிறது.

கெடுப்பது புகைமூட்டம். தெளிந்த காற்றிலேயே இந்த உயரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஒளிதான் கண்ணுக்கு வரும். காற்றின் மங்கல் இரட்டிப்பானால் அது 15 ஆகும் என்று நினைக்க வேண்டாம். 30இல் 30 விழுக்காடு, அதாவது 9தான் மிஞ்சும். அதனால் டிசம்பர் நள்ளிரவில் குளிரில் நடுங்கிக் காத்திருப்பது வீண். பிப்ரவரியில் மழை பெய்து காற்றைக் கழுவிவிட்ட மறுநாள் ஏறுங்கள்.

நிறத்தைப் பிடித்து வைக்கவும் முடியும். கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 800, 2 விநாடி வைத்து, ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை மெல்லச் சுழற்றுங்கள். நட்சத்திரம் கோடாக இழுபடும். அந்தக் கோடு சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளாக உடைந்திருக்கும். வேகமாகச் சுழற்றினால் கோடு மங்கி நிறம் தெரியாது, மெதுவாகச் சுழற்றினால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெள்ளையாகிவிடும். இரண்டு மூன்று தடவை தவறிய பிறகுதான் சரியாக வரும். வியாழன் வானில் இருந்தால் அதையும் இழுத்துப் பாருங்கள். அது புள்ளியல்ல, சிறு வட்டு. வட்டின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக மின்னி ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால், ஒரே நிறக் கோடு கிடைக்கும்.