டயஸ்போரா: பெயர்ந்தவர்களா, பெயர்க்கப்பட்டவர்களா?

ஆங்கிலத்தில் இளையோர் நாவல் படிக்கிறவர்களுக்கு நூல் பட்டியல்களில் பழக்கமான ஒரு தலைப்பு உண்டு: 'டயஸ்போரா எங்கும் உள்ள கறுப்பின நாயகர்களின் கதைகள்'. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே வண்டி நின்றுவிடுகிறது. டயஸ்போராவை என்ன செய்வது?

சொந்த மண்ணைவிட்டுப் பல நாடுகளில் பரவி வாழும் மக்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. 'டயா' என்றால் ஊடே, எங்கும். 'ஸ்பெய்ரோ' என்றால் விதைத்தல். கையில் அள்ளிய விதையை வயல் முழுக்க வீசித் தெளிக்கிறோமே, அந்தச் செயல்தான். காளான் வித்தைக் குறிக்கும் 'ஸ்போர்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் ஆக்கத் தொடங்கினார்கள். அந்தக் கிரேக்க வேதத்தின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்தில், 'பூமியின் எல்லா ராஜ்யங்களிலும் நீ டயஸ்போரா ஆவாய்' என்ற பொருளில் ஒரு சாபம் வருகிறது. விதைப்புச் சொல் அங்கே சாபச் சொல்லானது.

தமிழ் வேதாகமம் வாசித்தவர்கள் இதை முன்பே கடந்து வந்திருப்பார்கள். யாக்கோபு நிருபத்தின் முதல் வசனத்தில் 'சிதறியிருக்கிற பன்னிரண்டு கோத்திரங்களுக்கும்' என்று இருக்கிறதல்லவா? கிரேக்க மூலத்தில் அந்தச் 'சிதறியிருக்கிற' என்ற இடத்தில் நிற்பது டயஸ்போராதான். நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் சிதறலில் விதை இல்லை. சிதறியது கண்ணாடித் துண்டாகவும் இருக்கலாம், அது முளைக்காது.

நெடுங்காலம் யூதர்களையே குறித்துவந்த சொல்லை ஆப்பிரிக்கர்களுக்குப் பொருத்திப் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஷெப்பர்சன். 1965இல் தார் எஸ் சலாமில் நடந்த ஆப்பிரிக்க வரலாற்று மாநாட்டில் அவர் படித்த கட்டுரையின் தலைப்பிலேயே 'ஆப்பிரிக்க டயஸ்போரா' இருந்தது. அதன் பின்னால் இருக்கும் கணக்கு பெரியது. 1501 முதல் 1866 வரை ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றினார்கள். கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறங்கியது பிரேசிலில். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மண்ணுக்கு நேரே கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சம்கூட இல்லை. ஆங்கில இளையோர் நாவல் பட்டியல்களில் பிரேசில் பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் கைவசம் இருப்பது 'புலம்பெயர்'. பழைய சொல். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' என்கிறது. பல மொழி பேசும் அயல்நாட்டார் உள்ளூர்க்காரர்களோடு கலந்து இனிதாக வாழ்கிறார்களாம். வணிகத்துக்காகத் தாமே கிளம்பி வந்தவர்கள் அவர்கள். 1983க்குப் பிறகு ஈழத்தமிழர் கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே என்று போனபோது அதே சொல் அகதியின் சொல்லாயிற்று. 'புலம்பெயர் இலக்கியம்' என்ற தொடர் நிலைத்தது. 2020 ஊரடங்கில் செய்தித்தாள்கள் வடமாநிலத்துக் கட்டடத் தொழிலாளியையும் 'புலம்பெயர் தொழிலாளர்' என்றன. ஒரே சட்டையை எத்தனை பேர்தான் போடுவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 'புலம்' என்றால் இடம் மட்டுமல்ல, வயலும்தான். ஆக கிரேக்கச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எதேச்சையாக ஒரே வரப்பில் நிற்கின்றன: அங்கே விதை தெளிக்கிறார்கள், இங்கே வயலை விட்டுப் பெயர்கிறார்கள். (புலம்பலுக்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. 'புலம்பே தனிமை' என்று தொல்காப்பியம் சொல்வது வேறு சொல்லை.)

எனக்கு உறுத்துவது 'பெயர்' என்ற வினைதான். பெயர்ந்தான் என்றால் தானே நகர்ந்தான். சங்கிலியில் கட்டிக் கப்பலின் அடித்தளத்தில் கிடத்தப்பட்டவன் பெயர்ந்தவன் அல்லன். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பெயர்ப்பதுபோலப் பெயர்க்கப்பட்டவன். 'புலம்பெயர்ந்தோர்', 'புலம்பெயர்க்கப்பட்டோர்' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லத் தமிழில் வழி இருக்கிறது. டயஸ்போரா என்ற ஒற்றைச் சொல்லோ இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. நைஜீரிய வேர் கொண்ட அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர் 2011இல் வெளியிட்ட இளையோர் நாவலின் பெயர் 'அகாட்டா விட்ச்'. நாயகி சன்னி நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரின் நைஜீரியாவுக்கே திரும்பி, அபா நகரில் வளர்கிறாள். 'அகாட்டா' என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரை நைஜீரியர்கள் இழிவாகச் சொல்லும் சொல். பெயர்க்கப்பட்டோரின் வழிவந்தவர்களைக் குறித்த வசவு, தாமாகப் பெயர்ந்து திரும்பிய வீட்டுப் பிள்ளைமேல் விழுகிறது. பிரிட்டனில் அந்த நாவல் வேறு தலைப்பில் வந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை.

இபி ஸொபோய் எழுதிய 'அமெரிக்கன் ஸ்ட்ரீட்' (2017) நாவலில் ஹைத்தியிலிருந்து தாயும் மகளும் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். மகள் ஃபபியோலா அமெரிக்காவில் பிறந்தவள் என்பதால் விட்டுவிடுகிறார்கள். அம்மாவைப் பிடித்து வைக்கிறார்கள். பெண் தனியாக டெட்ராய்ட் போய்ச் சேர்கிறாள். முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து ஹைத்திக்குப் பெயர்க்கப்பட்டார்கள், இவள் ஹைத்தியிலிருந்து டெட்ராய்டுக்குப் பெயர்கிறாள். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வினையும் இருக்கின்றன.

மற்ற சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். 'யங் அடல்ட்' என்பதை 'இளம் வயது வந்தோர்' என்று யாராவது எழுதினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் 'வயதுக்கு வருவது' வேறு விசேஷம். 12 முதல் 18 வயதினருக்கான நூல் என்றால் 'இளையோர் நூல்' போதும். 'பதின்பருவ நாவல்' என்றாலும் சரி. 'புரோடகனிஸ்ட்' முதன்மைப் பாத்திரம். நாயகன், நாயகி என்றாலும் குறைவில்லை. அப்புறம், 'கருப்பின' என்று எழுதுகிறவர்களும் உண்டு. கருப்பு என்றால் பஞ்சம் என்றும் பொருள் இருப்பதால் நான் வல்லின 'கறுப்பின' பக்கம். தொல்காப்பியம் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று அதைக் கோபத்துக்கும் உரிய சொல்லாகச் சொல்லிவிட்டு, நிறத்தையும் உணர்த்தும் என்கிறது. பழைய மொழிபெயர்ப்புகளில் இருக்கும் 'நீக்ரோ'வை இன்று எடுத்தாள வேண்டாம்.

அந்தத் தலைப்பை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஆப்பிரிக்கப் புலம்பெயர் சமூகங்களின் கறுப்பின நாயகர்கள்: இளையோர் நாவல்கள்'. 'புலம்பெயர்' என்று வினைத்தொகையாக விட்டால் காலம் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் பத்துத் தலைமுறை கண்ட குடும்பமும் நேற்று இறங்கிய ஹைத்திக்காரியும் அதற்குள் அடங்குவார்கள். 'சமூகங்கள்' என்ற பன்மை மட்டும் விட்டுப்போகக் கூடாது. உள்ளே விவரக் குறிப்பு எழுதும்போது யார் பெயர்ந்தவர், யார் பெயர்க்கப்பட்டவர் என்று ஒவ்வொரு நூலுக்கும் பார்த்துப் போடலாம். சன்னிக்கு எதைப் போடுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.