எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: எடை மெஷின் சொல்லாதவை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் முதல் மாதத்தில் எனக்குப் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், போன வாரம் மூணு கிலோ குறைஞ்சுது. இந்த வாரம் முள்ளு அசையவே இல்ல. ஏதாச்சும் தப்பா?" என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், மாத்திரை போட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் இழுத்து இழுத்து வரும். எடை மட்டும் கிராம் சுத்தமாக நினைவில் இருக்கும்.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. முதல் வருடத்தில் எடை மெஷினால் தெரிந்துகொள்ளக்கூடியது ரொம்பக் கொஞ்சம் என்பது என் அபிப்பிராயம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கும் எடை குறையும், சாப்பிடாமல் கிடந்து தசை கரைகிறவருக்கும் குறையும். மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது வாரத்தையொட்டிச் சில நாட்கள் எடை நின்றுபோவதும் சகஜம். அதற்காக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

உடம்புக்குள் என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். இந்த ஆபரேஷனில் அதிகம் செய்யப்படுபவை ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு வகைகள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு ஒடுங்கிய குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரந்துகொண்டிருந்தது. அதனால்தான் முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே தெரிவதில்லை. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சின்னதாக ஒரு பையை அமைத்து, அதைச் சிறுகுடலில் சற்றுத் தள்ளி இருக்கும் பகுதியோடு இணைப்பார்கள். உணவு சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தொடாமலே போய்விடும். இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் இடம் அது. தனக்கு எது செய்தார்கள் என்று தெரியாமலே இருப்பவர்களும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில் வயிற்றுவலி என்று போய் நிற்கும்போது அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் நெஞ்சு படபடத்து நாடி 120க்கு மேல் போனாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல், இடது தோளில் வலி, கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிதான். தையலில் கசிவோ, ரத்தக்கட்டோ இருக்கலாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, பிறகு மென்மையானவை, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சாதாரணச் சாப்பாடு என்பது பொதுவான வரிசை. திரவம் என்று எழுதிக் கொடுத்தால் நம் வீடுகளில் வருவது இளநீர், ரசம், ஜூஸ், கஞ்சித் தண்ணி, பருப்புத் தண்ணி. எல்லாம் வயிற்றுக்கு இதமானவைதான். ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். அந்தக் கணக்கில் இவை அநேகமாகப் பூஜ்யம். பருப்புத் தண்ணியை வடிகட்டி இறுத்தால் பருப்பு சல்லடையில் தங்கிவிடும், டம்ளரில் வருவது மஞ்சள் நிற வெந்நீர்.

100 மில்லி பாலில் 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் பனீரில் 18 கிராம் போல. சமைத்த மீன் 100 கிராம் சாப்பிட்டால் 20 கிராமாவது கிடைக்கும். ஆனால் ஒரு வேளைக்கு 100 மில்லியே இறங்காத வயிற்றில் 60 கிராமை எப்படிச் சேர்ப்பது? அதனால்தான் முதல் மாதங்களில் புரதப் பவுடர் எழுதித் தருகிறோம். உடனே வீட்டில் யாராவது "பவுடர் குடிச்சா கிட்னி போயிடும்" என்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு 60, 70 கிராம் என்பது மிகை இல்லை, அன்றாடத் தேவை. சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் அளவை டாக்டர் தனியாகச் சொல்வார்.

இதைவிடப் பெரிய தடை பத்தியம். ஆபரேஷன் உடம்பு, முட்டை சேர்த்தால் சீழ் பிடிக்கும், மீன் கொடுத்தால் புண் ஆறாது என்று பாட்டி காலத்திலிருந்து வரும் பேச்சு. வயிற்றில் கிழித்தது சில சின்னத் துளைகள்தான், ஆனால் உள்ளே தையல் நீளம். அது ஆறப் புரதம்தான் வேண்டும். மசித்த உணவு ஆரம்பித்ததும் மிருதுவாக வெந்த முட்டை, முள் எடுத்து உதிர்த்த மீன், மசித்த பாசிப்பயறு, கட்டித் தயிர் என்று போங்கள். இதை நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரையும் அழைத்து வரச் சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் இப்போதெல்லாம் பேசுகிறேன்.

சாப்பிடும் விதத்தையும் புதிதாகப் பழக வேண்டும். சின்னக் கரண்டியில் எடுத்து, கூழாகும்வரை மென்று, ஒரு வேளைக்கு இருபது நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து வாய் வாயாகக் குடிக்கலாம். குழைந்த சோறு, தோசை, சப்பாத்தி, ஈரமில்லாத கோழி ஆகியவை மாட்டிக்கொள்ளும். மாட்டினால் நெஞ்சை அடைக்கும், எச்சில் நுரைத்துக்கொண்டு வரும், பிறகு வாந்தி. சிலருக்கு அதற்கு முன்பே விக்கலோ மூக்கில் நீரோ வரும். போதும் என்று வயிறு சொல்கிற குறிப்பு அது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இதுதான் கஷ்டம். தட்டில் குறைவாகப் போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. முட்டை, மீன், பருப்பு, கூட்டு இவற்றை முதலில் சாப்பிடுங்கள். சோறு கடைசியில், இடம் இருந்தால்.

அடுத்துச் சொல்வதை வீட்டில் உள்ள எல்லோரும் படிக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு எப்போதாவது ஒரு வாந்தி வருவது பெரிய விஷயமில்லை. நாள்தோறும் வாந்தி, எதுவும் தங்கவில்லை என்றால் கதை வேறு. தயாமின் என்ற வைட்டமின் பி1 நம் உடம்பில் இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் கையிருப்பு இருக்கும். அது தீர்ந்துபோனால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், கால் மரத்துப்போகும், பேச்சு குழம்பும். இந்த நிலையில் நம் ஊரில் வழக்கமாக என்ன செய்கிறோம்? "சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று தெருமுனை கிளினிக்குக்குப் போகிறோம். குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயாமின் வேண்டும். இருக்கிற கொஞ்சத்தையும் அந்த பாட்டில் உறிஞ்சிவிட்டால் பாதிப்பு சில மணி நேரத்தில் முற்றிவிடலாம், சிலருக்கு நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். குளுக்கோஸுக்கு முன்பு தயாமின் ஊசி போட்டுவிட்டால் இந்த ஆபத்தைத் தவிர்க்கலாம், விலையும் அதிகமில்லை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். போக முடியாத தூரம் என்றால், போகிற இடத்தில் "எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்திருக்கிறேன், தயாமின் போட்டுவிட்டு ட்ரிப்ஸ் போடுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. எத்தனை முறை சொன்னாலும் இரண்டாம் வருடத்தில் பாதிப் பேரிடம் மாத்திரை டப்பா காலியாகவே இருக்கும். நன்றாக இருக்கிறேனே, எதற்கு என்ற நினைப்பு. பி12 குறைவு மெதுவாக வரும். ஏற்கெனவே சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆரம்ப இருப்பே குறைவு. கை கால் எரிச்சல், மறதி என்று தெரியவரும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். வாயால் சாப்பிடுவது போதாவிட்டால் மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று கெடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்குவது காசைக் கரியாக்குவதுதான். கால்சியத்தில் சிட்ரேட் வகையே நல்லது, குறைந்த அமிலத்திலும் அது உறிஞ்சப்படும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது. இணைத்த இடத்தில் புண் வரும், சில சமயம் ஓட்டை விழும். சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். மூட்டுவலி என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரைகளின் அளவு முதல் வாரத்திலேயே குறைய வேண்டியிருக்கும். பழைய சீட்டை வைத்துக்கொண்டு அதே இன்சுலினைப் போட்டால் சுகர் தாழ்ந்து மயங்கி விழுவார்கள். பைபாஸ் செய்தவர்கள் பாயசமோ ஜூஸோ மடமடவென்று குடித்தால் கால்மணியில் வியர்த்து, படபடத்து, வயிற்றைப் புரட்டும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து சுகர் இறங்கி நடுக்கம் வரும். இரண்டுக்கும் காரணம் இனிப்புதான்.

முடி மூன்றாவது மாதம் தொடங்கிக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். குளியலறையில் அதைப் பார்த்து அழுதவர்கள் பலர். வேகமான எடைக்குறைவின் அதிர்ச்சியில் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய் உதிர்கிறது. வேர் சாகவில்லை, சில மாதங்களில் திரும்ப முளைக்கும். பயோட்டின் மாத்திரைக்கும் எண்ணெய்க்கும் செலவழிப்பதற்கு முன் புரதமும் இரும்பும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் கழித்தும் கொட்டினால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

பெண்களுக்கு ஒரு விஷயம். நீர்க்கட்டிப் பிரச்சினையால் வருடக்கணக்கில் தள்ளிப்போன மாதவிலக்கு, எடை குறைந்ததும் பலருக்குத் தானாகவே சீராகிவிடும். குழந்தை நிற்காது என்றிருந்தவர்களுக்கு நின்றும்விடும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம்வரை கர்ப்பம் வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், வேறு முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கர்ப்பமானால், நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து சுகர் பார்ப்பார்கள். பைபாஸ் செய்தவருக்கு அது ஒத்துக்கொள்ளாது. முன்கூட்டியே சொன்னால் ஒரு வாரம் வீட்டிலேயே விரலில் குத்திச் சுகர் பார்க்கிற வழி இருக்கிறது.

உடம்பைவிடச் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது சிரமம் என்று சொல்பவர்கள் உண்டு. நம் ஊரில் ஒருவர் இளைத்தால் முதல் கேள்வி "சுகரா?" என்பதுதான். இரண்டாவது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேற ஏதாச்சும் பெரிய வியாதியா?" ஆபரேஷனை மறைத்தவர்கள் கல்யாணப் பந்தியில் படும் பாடு தனி. இலையில் பாதி கிடக்கும்போதே அடுத்த கரண்டி விழுந்துவிடும். வற்புறுத்தலுக்காகச் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும் இடத்தில் வாந்தி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் உட்காரும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். மது குடிக்கிறவர்கள் கவனிக்க: பழைய அளவில் பாதி குடித்தாலே வேகமாகத் தலைக்கேறும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடி அடிமையாகிறவர்களும் இருக்கிறார்கள். மனசு சோர்ந்தால் மனநல ஆலோசகரிடம் போக வேண்டும்.

இரண்டாவது வருடம் பசி மெல்லத் திரும்பி வரும். கெட்டியான உணவு வயிற்றை அடைக்கிறது, ஆனால் மிக்சரும் முறுக்கும் பிஸ்கட்டும் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். கால் கிலோ மிக்சரை ஒரு மாலை முழுக்கக் கொறிக்கலாம், வயிறு ஒரு வார்த்தை சொல்லாது. ஏறின எடைக்குக் காரணம் தேடும்போது நான் முதலில் கேட்பது நொறுக்குத்தீனி டப்பாவைத்தான். குறைந்த எடையில் கொஞ்சம் திரும்ப ஏறுவது எதிர்பார்த்ததே. நிறைய ஏறினால் எண்டோஸ்கோப்பி செய்து பை விரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் எடை ஏறியவர்கள்தான் எந்த முகத்தோடு வருவது என்று வராமலே இருந்துவிடுகிறார்கள். திட்டுவதற்கு இங்கே யாரும் இல்லை. முதல் வருடத்தில் 3, 6, 12 மாதங்களில், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை, ரத்த அளவு, இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம் பார்த்துக்கொள்ள வேண்டும். வரும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு, இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்துப் பொடி ஏதாவது சாப்பிட்டால் அதையும்தான்.