பாண்டு எழுதிக் கொடுத்து டாக்டர் ஆவது: டெல்டா குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

நீட் முடிவு வந்த மறுவாரம், நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அண்ணன் தன் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் மகளின் மதிப்பெண் பட்டியல், ஈரம் படாமல் பாலித்தீன் உறையில். திண்ணையில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பாண்டு எழுதிக் கொடுத்தால் படிப்பு இலவசம் என்கிறார்கள். பாண்டு என்றால் நிலத்தை எழுதி வாங்கிக்கொள்வார்களா, தம்பி?"

ஒன்றரை ஏக்கரில் குறுவை நட்டுவிட்டு வந்திருந்தார். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் நகைக் கடனுக்கும் பலமுறை கையெழுத்துப் போட்டவர். பத்திரம் என்றாலே அவருக்கு நிலம்தான் கண்முன் வரும்.

நிலத்தை யாரும் எழுதி வாங்குவதில்லை. பிள்ளையின் படிப்புச் செலவை அரசோ ராணுவமோ ஒரு நிறுவனமோ ஏற்கிறது. படித்து முடித்தபின் அவர்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் காலத்துக்கு வேலை பார்க்க வேண்டும். பாதியில் விலகினால் பத்திரத்தில் கண்ட தொகையைக் கட்ட வேண்டும். அந்தத் தொகை பெரியது என்பதால், கையெழுத்துப் போடும் முன் அண்ணனைப் போல ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

அவருடைய மகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது பாண்டு அல்ல என்று சொன்னேன். அவள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 2020-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் இப்படிப்பட்ட மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தருகிறது. நீட் தகுதி பெற்றிருக்க வேண்டும். அதன்பின் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஆண்டுக்கு நாலரை லட்சம் வரை கட்டணம். நாலரை ஆண்டுப் படிப்புக்கு ஏறக்குறைய 20 லட்சம். ஒன்றரை ஏக்கர்க்காரர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? இந்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உறுதி செய்தது.

ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் பழைய, பெயர்பெற்ற பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறும் பள்ளிகள். அவற்றில் படித்தவர்களுக்கு இந்த 7.5 சதவீதம் பொருந்தாது. நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலத்துறை, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டுப் பட்டியலில் உண்டு. எட்டாம் வகுப்பு முடித்ததும் "நல்ல பள்ளி" என்று பிள்ளையை இடம் மாற்றும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும். தெரியாமல் மாற்றிவிட்டு, நான்கு ஆண்டு கழித்து என் திண்ணையில் கண்கலங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பணிக்கு ஈடாகப் படிப்பு என்பதன் முழு வடிவம் புனேயில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரி. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசுச் செலவு. முடித்தவர்கள் முப்படைகளின் மருத்துவப் பிரிவில் அதிகாரியாகச் சேர வேண்டும். குறுகிய காலப் பணி என்றாலும் ஏழு ஆண்டுகள். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு மட்டும் விண்ணப்பித்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. மத்தியக் கலந்தாய்வு இணையதளத்தில் பதிந்து, இந்தக் கல்லூரியைத் தேர்வு செய்திருக்க வேண்டும். பிறகு ஆங்கில அறிவையும் தர்க்கத் திறனையும் சோதிக்கும் தேர்வு, நேர்காணல், உடல் தகுதிப் பரிசோதனை. பெண்களுக்கும் இடம் உண்டு என்று சொன்னபோது அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா பார்வையை வாசலுக்குத் திருப்பிக்கொண்டார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) திருச்சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள், படித்தபின் தேவையுள்ள மிஷன் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணியாற்ற வேண்டும். பரிந்துரைக்கும் சபையோடு தொடர்புள்ள குடும்பங்கள் முன்கூட்டியே விசாரிக்கலாம்.

பாண்டு என்ற சொல் நம் ஊரில் அதிகம் அடிபடுவது மேற்படிப்பில்தான். அரசுக் கல்லூரியில் எம்.டி., எம்.எஸ். சேருகிறவர் அரசுப் பணியில் இல்லாதவரென்றால், படிப்புக்குப்பின் அரசு மருத்துவமனையில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். முன்பு இரண்டு ஆண்டுகள், மீறினால் 40 லட்சம் ரூபாய். 2023-ல் அரசு அதை ஓராண்டாகவும் 20 லட்சமாகவும் குறைத்தது. பட்டயப் படிப்புக்கு 10 லட்சம், உயர் சிறப்புப் படிப்புக்கு 25 லட்சம். இப்படிக் கட்டாயப் பணி கேட்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டதால், கையெழுத்துப் போட்டபின் "கட்டாயப்படுத்தலாமா" என்று வாதாடிப் பயனில்லை.

அசல் சான்றிதழ்கள் கல்லூரியின் பிடியில் இருப்பதுதான் மாணவர்களை அதிகம் வாட்டுகிறது. பணிக்காலம் முடியும்வரை அவை கைக்கு வராமல், வெளியில் வேறு வேலைக்கோ அடுத்த படிப்புக்கோ போக முடியாமல் நிற்கிறார்கள். ஒரு பெண் மருத்துவரின் வழக்கில் மகப்பேறு விடுப்பையும் பாண்டு காலத்தில் சேர்க்க வேண்டும் என்று 2025-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. பிரசவத்தைப் பணி மீறலாகக் கணக்கிட்ட வழக்கத்துக்கு விழுந்த அந்த அடியை நான் மனமார வரவேற்கிறேன்.

டெல்டாப் பிள்ளைகளுக்கு நான் மிகவும் வலியுறுத்தும் வழி, பணியில் இருந்துகொண்டே மேற்படிப்புக்குப் போவது. எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி உதவி மருத்துவராகச் சேர வேண்டும். ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி கிடைக்கும். சில ஆண்டுகள் பணியாற்றியபின், மாநில முதுநிலை இடங்களில் அரசு மருத்துவர்களுக்கான 50 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். இடம் கிடைத்தால் படிக்கும் காலத்திலும் சம்பளம் வரும். இந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. இந்த வழியில் படித்தவர்கள் கிராமம், பழங்குடிப் பகுதி, மலைப்பகுதிகளில் குறைந்தது ஐந்து ஆண்டு பணியாற்ற வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. கடைமடையில் பிறந்த பிள்ளைக்குக் கிராமத்தில் ஐந்து ஆண்டு என்பது தண்டனையாகத் தெரியாது. பாம்புக்கடியோடு வரப்பிலிருந்து தூக்கிவரப்படுகிறவரை அவளுக்குத் தெரியும்.

திருவாரூருக்கு 2010-லும் நாகப்பட்டினத்துக்கு 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. தஞ்சாவூரில் 1959 முதல் இருக்கிறது. கட்டடங்கள் எழுந்துவிட்டன, அவற்றுக்குள் நிற்க நம் ஊர்ப் பிள்ளைகள் வேண்டும் என்பது என் ஆசை.

எந்தப் பத்திரமானாலும் நான் அண்ணனிடம் விரல்விட்டுச் சொன்னவை இவை. எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, எந்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும், ஜாமீன் கையெழுத்து யாருடையது, படிப்பை நடுவில் நிறுத்தினால் என்ன. அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் இதெல்லாம் அச்சாகியிருக்கும். இடைத்தரகர் வாய்ச்சொல்லை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பெண் எட்டாம் வகுப்புவரை ஊர் நடுநிலைப் பள்ளியிலும், பிறகு நீடாமங்கலம் அரசுப் பள்ளியிலும் படித்திருந்தாள். இரண்டு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்று வாங்க வேண்டும் என்றதும் அண்ணன் எழுந்துவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. மதிப்பெண் பட்டியலை மறுபடி பாலித்தீன் உறையில் போட்டு, மஞ்சள் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "பள்ளிக்கூடம் நான்கு மணிவரை இருக்கும் அல்லவா?" என்று கேட்டபடி வண்டியை எடுத்தார்.