சூள், சுலு, டார்ச்

பினாங்கில் கரண்ட் போனால் முதலில் கேட்கும் குரல், "டார்ச் எங்கடா?" மலாய்க்காரர் வீட்டில் அதையே லம்பு சுலு என்று தேடுவார்கள். சீனர்கள் எழுதும் பெயரைப் பிரித்தால் கை-மின்-குழல். அமெரிக்கப் பெட்டியில் ஃபிளாஷ்லைட் என்று அச்சிட்டிருக்கும்.

டார்ச்சின் வேர், முறுக்குதல் என்று பொருள்படும் ஓர் இலத்தீன் வினை. நாரையோ வைக்கோலையோ முறுக்கி மெழுகில் தோய்த்துக் கொளுத்தியதைப் பழைய பிரெஞ்சுக்காரர் 'தோர்ஷ்' என்றார்கள். மெக்கானிக் போல்ட்டை இறுக்கும்போது சொல்கிற 'டார்க்' (முறுக்குவிசை) இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. தமிழும் இப்படித்தான் பெயர் வைத்திருக்கிறது. திரிப்பதால் திரி, கட்டுவதால் பந்தம். தீவட்டியில் உள்ள 'வட்டி' கூட 'வர்த்தி' என்ற வடசொல் தேய்ந்தது. அதற்கும் திரி என்றே பொருள்.

ஃபிளாஷ் வந்த கதை வேறு. டேவிட் மிசெல் என்பவருக்கு 1899இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குழலுக்குள் உலர் பேட்டரிகள், முனையில் சின்ன பல்பு. அன்றைய பேட்டரி தொடர்ந்து எரியவிடத் தாங்காது. அழுத்தினால் பளிச்சென்று மின்னும், உடனே கையை எடுத்துவிட வேண்டும். நோய் தீர்ந்த பிறகும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி சுலு. தமிழில் தீப்பந்தத்துக்குச் சூள் என்றும் சுளுந்து என்றும் பெயர் உண்டு. மலாயில் சுலு என்றால் பந்தம். ஒலியும் பொருளும் ஒட்டி வருவதால், "நம்ம சொல்தான் கப்பல் ஏறி வந்தது" என்று சொல்ல நாக்கு துடிக்கும். நானும் ஒரு காலத்தில் கூட்டத்தில் அடித்துவிட்டவன்தான். ஆனால் தகாலோக் மொழியில் பந்தம் சுலோ, எங்கோ பசிபிக்கில் சமோவாக்காரருக்கும் சுலு. அத்தனை தீவுகளிலும் பரவிக் கிடக்கும் ஆஸ்திரனேசியப் பழஞ்சொல் அது. அதை நம் கணக்கில் எழுதிக்கொள்வது அடுத்த வீட்டு மாங்காயைப் பறிப்பது போல.

சரி, டார்ச்லைட்டுக்குத் தமிழ் என்ன? கைவிளக்கு என்றால் அகல்விளக்கையும் குறிக்கும். கைமின்விளக்கு பிழையில்லாத சொல். அலுவலக நோட்டீஸில் போடலாம், வாயில்தான் உருளாது. என் ஓட்டு மின்சூளுக்கு. இரண்டே அசை, பழைய சொல்லுக்கு மறுபிழைப்பும் ஆயிற்று. எல்.இ.டி.க்கு ஒளியுமிழ் இருமுனையம் என்பது பாடப்புத்தகத்துக்குச் சரி, கடையில் எல்.இ.டி. என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு எதையாவது எடுத்து நீட்டுவார்கள்.

இந்தச் சொற்களில் வாங்கும்போது கைகொடுப்பது 'கற்றை'. வைக்கோல் கற்றை, ஒளிக்கற்றை, இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பெட்டியில் லூமன் என்று பெரிதாகப் போட்டிருப்பது மொத்தம் எத்தனை வைக்கோல் என்ற கணக்கு. கேண்டிலா என்று பொடி எழுத்தில் இருப்பது அதை எவ்வளவு இறுகக் கட்டியிருக்கிறது என்பது. இலத்தீனில் லூமன் என்றால் ஒளி, கேண்டிலா என்றால் மெழுகுவத்தி. ஆயிரம் லூமனை அகலச் சிதறவிட்டால் வீட்டுக்கூடம் பூராவும் வெளிச்சம், நூறு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதையே ஆழமான பிரதிபலிப்பான் கிண்ணத்தில் வைத்துக் குவித்தால் எதிர்க்கரை மரத்தில் போய் விழும்.

எவ்வளவு தூரம் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. தெளிந்த வானில் முழுநிலா தரையில் தருகிற வெளிச்சம் சுமார் 0.25 லக்ஸ். மின்சூளின் ஒளி அந்த அளவுக்கு மங்கும் இடம்தான் பெட்டியில் போடும் 'தூரம்'. 10,000 கேண்டிலாவுக்கு 200 மீட்டர். அதை 400 ஆக்க 40,000 கேண்டிலா வேண்டும். நிலா வெளிச்சத்தில் ஆளை அடையாளம் தெரியாது என்பதால், போட்டிருக்கும் தூரத்தில் பாதியை நம்புங்கள். விடியுமுன் பினாங்குக் கொடிமலை ஏறுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? அகலமாக விழும் 300 லூமன் தாராளம். பனிமூட்டத்தில் பெரிய ஒளி உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

போன வருடம் இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்று வாங்கினேன். அலுமினிய உடம்பு, இழுத்தால் நீளும் மூக்கு. கடைக்காரர் எதிர் அஞ்சடி நடைபாதையில் படுத்திருந்த பூனைமேல் அடித்துக் காட்டினார். அது எழுந்தே போய்விட்டது. பெட்டியில் 'ஒரு லட்சம் லூமன்'. வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன்.

உள்ளே இருந்தது ஒரே ஒரு 18650 பேட்டரி செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். நல்ல செல்லில் 3,500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும், ஏறக்குறைய 12.6 வாட் மணி. (அதே செல்மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.) கையில் பிடிக்கும் மின்சூள் ஒன்று வாட்டுக்கு நூறு லூமன் தந்தாலே நல்ல சரக்கு. அப்படியானால் ஆயிரம் லூமன் ஒன்றேகால் மணி நேரம் வரும். ஒரு லட்சத்துக்கு ஆயிரம் வாட் வேண்டும், பெரிய ரைஸ் குக்கர் இழுக்கிற அளவு. அந்தச் செல் அவ்வளவையும் கொடுத்தாலும் ஒரு நிமிடம் தாங்காது. அதற்குள் கை வெந்திருக்கும்.

என்னுடையது வேகவில்லை. பத்து நிமிடத்தில் மங்கி மஞ்சள் பூத்தது. அடுத்த வாரம் அதே கடையில் பெட்டியைக் காட்டிக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார்.

"அது லூமன் இல்லண்ணே. மாடல் பேருலா."