தகவமை எழுமாற்று ஒதுக்கீடு

மும்பை பரேலுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வரும் நம்மூர்க்காரர்களுக்கு, தாராவியிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் சொந்தக்காரர்தான் பல நேரம் மொழிபெயர்ப்பாளர். மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவத்தில் ‘ரேண்டமைசேஷன்’ வந்தால் அவர் திணறுவார். ‘பேயீசியன் அடாப்டிவ் ரேண்டமைசேஷன்’ என்றால் கேட்கவே வேண்டாம்.

ரேண்டம் என்பதன் மூலம் பழைய பிரெஞ்சு. பாய்ந்தோடும் வேகத்தைக் குறித்தது. ஆங்கிலத்தில் ‘இலக்கில்லாமல்’ என்றானது. புள்ளியியலில், எவர் விருப்பமும் கலக்காத குலுக்கல். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அப்படிக் குலுக்கி முடிவுசெய்வதுதான் ரேண்டமைசேஷன். ‘பேயீசியன்’ என்பதில் இருக்கும் பேயீஸ், இங்கிலாந்துப் பாதிரியார். அவர் இறந்தபின் 1763இல் வெளியான கட்டுரையின் வழிவந்த முறை இது: முதலில் ஒரு கணிப்பு, புதிய தரவு வரவர அதைத் திருத்திக்கொண்டே போவது. இதைச் சிகிச்சை ஒதுக்கீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று 1933இலேயே தாம்சன் என்ற ஆய்வாளர் எழுதினார்.

உத்திரமேரூர் குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சோதனையில் இரண்டு மருந்துக்கும் பெரும்பாலும் சம எண்ணிக்கையில் ஓலைகள், கடைசிவரை. தகவமை (அடாப்டிவ்) முறையில், நன்றாக வேலை செய்வதாகத் தெரியும் மருந்தின் ஓலைகள் கூடிக்கொண்டே போகும். ஆனாலும் எடுப்பது குலுக்கித்தான். மருத்துவர் பொறுக்கி எடுப்பதில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் நடத்திய ‘பேட்டில்’ என்ற நுரையீரல் புற்றுநோய்ச் சோதனை நல்ல உதாரணம். 2011இல் முடிவுகள் வெளிவந்தன. குலுக்கலுக்கு வந்த 255 பேரில் முதல் 97 பேருக்குச் சம வாய்ப்பு. அப்புறம் கட்டியின் தன்மையைக் காட்டும் உயிர்க்குறியீடுகளையும் (பயோமார்க்கர்), எட்டாவது வாரத்தில் நோய் கட்டுக்குள் இருந்ததா என்பதையும் வைத்து, நான்கு சிகிச்சைகளுக்குமான வாய்ப்பு மாறிக்கொண்டே வந்தது. இப்படிச் சீக்கிரம் பலன் தெரிந்தால்தான் இந்த முறை உதவும். இரண்டே சிகிச்சைகளை ஒப்பிடும்போது இதனால் பெரிய லாபமில்லை என்று சொல்லும் புள்ளியியலாளர்கள் உண்டு. முதலில் சேர்ந்தவர்களும் பிறகு சேர்ந்தவர்களும் ஒரே மாதிரி நோயாளிகளாக இல்லாவிட்டால் கணக்கு தவறும் என்பதும் நியாயமான கவலையே.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் பாடநூல்களில் ரேண்டம் என்றால் ‘சமவாய்ப்பு’. இங்கே அது பொருந்தவே பொருந்தாது. வாய்ப்பு சமமாக இல்லாததுதானே இந்த முறையே! இலங்கைத் தமிழர் வழங்கும் ‘எழுமாற்று’ இந்தச் சிக்கலில் மாட்டாது. எனவே கட்டுரைகளில் ‘பேயீசியத் தகவமை எழுமாற்று ஒதுக்கீடு’ என்று எழுதலாம். நோயாளியிடம் அதைச் சொல்லாதீர்கள். “குலுக்கல்தான்மா. ஆனா இதுவரைக்கும் யாருக்கு எது கேட்டுச்சுன்னு பார்த்து, அந்த மருந்து கிடைக்கிற வாய்ப்பைக் கூட்டுவாங்க. அதுதான் கிடைக்கும்னு உறுதி இல்லை.” அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது.